பாலாற்றங்கரைப் பிள்ளைகளின் படிப்பு எங்கே அறுபடுகிறது?

கேள்வி இது: "வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஒரே தெருவில் தமிழ், உருது, தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூடப் பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்று ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். மத, மொழி வேறுபாடுதான் காரணமா? பெற்றோரும் ஆசிரியர்களும் என்ன செய்யலாம்?"

மதமும் மொழியும் நேரடிக் காரணம் அல்ல. வறுமை ஒரு காரணம்தான், ஆனால் அதே அளவு வறுமையில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, இன்னொன்று போவதில்லை. தமிழ்நாட்டில் மேற்படிப்புக்கான பெரிய சலுகைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் போய் நிற்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து எந்த வகைப் பள்ளியில், எந்த வழியில் படித்தாய்? உன் சாதிச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது? முதல் கேள்விக்கான பதில் பதினோரு வயதில் முடிவாகிவிடுகிறது. அந்த வயதில் அதைப் பெற்றோரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்தபின் தெரிந்தால் திருத்த வழியே இல்லை.

இந்த ஊர்கள் எல்லாம் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இது கூடுதலாக வலிக்கிறது. இங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு நூறாண்டுக்கு மேலாகப் படிப்புக் கொடுத்தவை மிஷன் பள்ளிகளும் முஸ்லிம் கல்விச் சங்கங்களின் பள்ளிகளும்தான். வேலூர் ஊரிஸ் கல்லூரி 1898-இலும் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இலும் வந்தவை. இந்த மரபில் வந்த பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. சேர்கிற பிள்ளைகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் தோல் ஷாப்பில் வேலை செய்யும் வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். சலுகை என்று வரும்போது மட்டும் இவர்கள் வேறு வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள்.

எந்தச் சலுகை யாருக்கு என்று பார்ப்போம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பொறியியல் படிப்பு எட்டும் உயரத்துக்கு வருவது இந்த ஒரு விதியால்தான்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கு வரும். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் உண்டு. முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து கிடைக்கிறது. நிபந்தனையைக் கவனியுங்கள்: உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ்வழி. அதே பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தவர்களுக்குக் கதவு மூடிக்கொள்கிறது. உதவிபெறும் பள்ளியில் உருது வழியில் படித்த பெண்ணுக்கும் அப்படியே. அரசுப் பள்ளியில் படித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை 2010-இல் வந்தது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்துவிட்டு விண்ணப்பிக்க முடியாது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், சம்பளக் கணக்கில் இழுத்துப்பிடித்து வாழும் குடும்பத்துக்கு என் பரிந்துரை தெளிவானது. ஐந்தாம் வகுப்பு எங்கே படித்திருந்தாலும், ஆறாம் வகுப்புக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் ஒழுங்காக நடக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தால் அங்கே சேருங்கள். "இங்கிலீஷ் மீடியம்" என்ற பலகைக்காக மாதக் கட்டணம் கட்டி எட்டாவது வரை தனியார் பள்ளியில் ஓட்டிவிட்டு, ஒன்பதாவதில் கட்டணம் தாங்காமல் அரசுப் பள்ளிக்கு வருகிற குடும்பங்கள் பல. அந்த மூன்று ஆண்டுகள்தான் 7.5 சதவீதத்தையும் மாதம் ஆயிரத்தையும் சேர்த்துப் பறித்துவிடுகின்றன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் இரண்டு சலுகையும் கிடைக்கும். அப்படி வரும் பிள்ளையின் டி.சி.யோடு, அந்தச் சட்டத்தின் கீழ் படித்ததற்கான சான்றையும் பழைய பள்ளியில் கையோடு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துக் கேட்டால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு எங்கே என்று தெரியாது. இன்னொன்று: சிறுபான்மை நிறுவனப் பள்ளிகளுக்கு 25 சதவீத விதி பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் பக்கத்திலிருக்கும் நல்ல தனியார் பள்ளி சிறுபான்மைப் பள்ளியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை 7.5 சதவீதத்துக்கு வெளியே வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. வருமானத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்று. சுவர் மட்டும்தான் வேறு. பள்ளிக் குழுக்களும் ஜமாஅத்துகளும் திருச்சபைகளும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது. கிடைக்கும்வரை பிள்ளையைக் காக்க வைக்க முடியாது என்பதால்தான் மேலே அப்படிச் சொன்னேன்.

அடுத்து, உருது வீட்டுப் பிள்ளைகளின் தமிழ். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் முதல் பாடம். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குப் பத்தாவது தேர்வில் நீதிமன்றங்கள் அவ்வப்போது விலக்குக் கொடுத்தன. உச்ச நீதிமன்றம் 2023-இல் ஓராண்டு நீட்டித்தது. அந்த விலக்கை நம்பி ஒரு தலைமுறைக்குத் தமிழ் எழுதக் கற்றுத்தராமல் விட்டதுதான் பெரிய இழப்பு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள் திருத்தப்படுவதே இல்லை. குரூப் 4-இல் அது 150-க்கு 60. தெருவில் சரளமாகத் தமிழ் பேசும் பையன், எழுதப் படிக்கத் தெரியாததால் ஊரிலேயே இருக்கும் வி.ஏ.ஓ. வேலைக்குப் போட்டியிட முடியாமல் போகிறான். தாய்மொழியை விட்டுவிடச் சொல்லவில்லை. உருது வீட்டிலும் பள்ளியிலும் தொடரட்டும். தமிழ் எழுத்து மூன்றாம் வகுப்புக்குள் கைவசம் வர வேண்டும்.

தவறு எங்கே வருகிறது என்று தெரிந்தால் ஆசிரியருக்கு வேலை பாதியாகும். தக்னி உருது (தென்னிந்தியப் பேச்சு உருது) பேசும் பிள்ளைக்குத் தமிழ் வாக்கிய அமைப்பு கஷ்டமே இல்லை. இரண்டிலும் வினை கடைசியில்தான் வருகிறது. சிக்கல் எழுத்தில். உருதுவில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் அழுத்தமான ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் (ka, ga போல) தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் 'பாம்பு' என்ற ஒரே சொல்லில் இரண்டு முறை வரும் 'ப'-வுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். இதை விதியாகச் சொல்லித்தராமல் விட்டால் பிள்ளை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் தடுமாறும். அடுத்தது ல, ள, ழ, ன, ண, ர, ற. உருதுவில் ள, ழ, ண கிடையாது. 'பழம்', 'பள்ளம்' எல்லாமே 'ல' ஆகிவிடும். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு ள, ண வரும், ழ-வும் ற-வும் மட்டும் தகராறு. ஆக ஒரே வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சொல்லெழுத்துப் பயிற்சி கொடுப்பது வீண். உருதுப் பிள்ளைக்கு ல, ள, ழ இணைச் சொற்களைத் தினம் பத்து, வாய்விட்டுப் படித்து எழுதச் செய்யுங்கள். அதோடு நாளுக்கு இருபது நிமிடம் பாடப்புத்தகத்தை உரக்க வாசிக்க வையுங்கள், பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் இதில்தான் குறையும். வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள், பள்ளியிலேயே முடியுங்கள்.

ஏற்கெனவே பத்தாவதுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு வேறு உத்தி. தமிழ்த் தாள் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. கடிதம், படிவம் நிரப்புதல், படத்தைப் பார்த்து எழுதுதல் மூன்றும் ஐந்தைந்து மதிப்பெண். இவை மூன்றுக்கும் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆறு கடித மாதிரி, நான்கு வகைப் படிவம் எழுதிப் பழகினால் போதும். அதோடு மனப்பாடச் செய்யுளும், ஒரு மதிப்பெண் வினாக்களும் சேர்ந்தால் தேர்ச்சி எட்டிவிடும். ஜூலை துணைத் தேர்வுக்குத் தயார் செய்யும் பிள்ளைக்கும் இதே வரிசைதான்.

இனிச் சான்றிதழ். இதில் ஒரு சொல் பிசகினால் ஓர் இடம் போகும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007-இலிருந்து இருக்கிறது. அதற்கு "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் போதாது. பட்டியலில் உள்ளவை ஏழு: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), மாப்பிள்ளா, ஷேக், சையத். சான்றிதழில் இவற்றில் குடும்பத்துக்கு உரிய பெயர் இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கை நாளிலேயே "இஸ்லாம்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், பிறகு தாசில்தார் அலுவலகத்தில் தாத்தாவின் பத்திரம் வரை தேட வேண்டியிருக்கும்.

தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்களுக்கு ஆதிதிராவிடர் 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் 2009-இல் ஒதுக்கப்பட்டது. அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா என்ற ஏழு பெயர்களுக்குத்தான் அது. பொதுவாக "ஆதிதிராவிடர்" என்று வாங்கி வைத்திருந்தால் இந்த 3 சதவீதத்தில் பெயர் வராது.

ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். சித்தூர் மாவட்டமே 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உருவானதுதான். பரதராமி, குடியாத்தம் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் எல்லை தாண்டி நடக்கிறது. சித்தூரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்கும்போது தந்தை வழி ஆவணங்களை முன்வையுங்கள். தாயின் ஆந்திரச் சான்றிதழை மட்டும் கொடுத்து விண்ணப்பித்தால் திரும்பி வரும்.

ஜவ்வாது மலை மலையாளி மக்களுக்குப் பழங்குடிப் பட்டியலே மாவட்டப் பெயர் சொல்லித்தான் உரிமை தருகிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததால் இந்த உரிமை குறையவில்லை. பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள் இருந்த ஊர் எதுவானாலும் செல்லும். அணைக்கட்டு வட்டத்துப் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நரிக்குறவர் சமூகம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தது. பெற்றோரிடம் இருக்கும் பழைய எம்.பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் பிள்ளைகளுக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில், கட்டணம் 60 ரூபாய். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் சான்றிதழ்கள் தாலுகா அளவில் முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர் கையில். இருளர் குடும்பங்கள் விழுவது இங்கேதான். ரத்த உறவில் யாரிடமாவது ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டுக்கும் ஊர் ஊராகப் போன குடும்பத்தில் யாரிடமும் இருக்காது. குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே நேரத்தில் விண்ணப்பித்து, நேரடி விசாரணைக்குக் கோட்டாட்சியரை அந்த இடத்துக்கே வரச் சொல்லி மனு கொடுப்பது தனித்தனியாக அலைவதைவிடப் பலன் தரும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது.

சூளை வேலை தை மாதம் தொடங்கி ஆனி வரை இழுக்கும். பிள்ளை அரையாண்டோடு காணாமல் போய், அடுத்த ஜூனில் திரும்பி வரும். "டி.சி. இல்லை, ஆதார் இல்லை" என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது, எட்டாவது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும், டி.சி. தாமதமும் வயதுச் சான்று இல்லாததும் மறுக்கக் காரணம் ஆகாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியே போகவிடாமல் குடும்பத்தை வைத்திருந்தால் அது கொத்தடிமை. 1976 சட்டப்படி கோட்டாட்சியர் மீட்டு, விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு மறுவாழ்வுத் தொகை வராது, அடுத்த பருவம் வேறு சூளையில் அதே முன்பணம் காத்திருக்கும்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பணம் நிற்பது பெரும்பாலும் இதில்தான். பள்ளியில் "எஸ். ஆயிஷா", ஆதாரில் "ஷேக் ஆயிஷா பானு", வங்கியில் "ஆயிஷா பேகம்" என்று மூன்று பெயர். கல்லூரியில் புதுமைப் பெண் விண்ணப்பம் போகும்போது மூன்றும் ஒத்துப்போகாமல் தொகை திரும்பிவிடும். ஐந்தாவது படிக்கும்போதே பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பள்ளியின் எமிஸ் பதிவையும் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையப் பதிவு) ஒன்றாக்குங்கள். பத்தாவது மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டால் பெயரை மாற்ற அரசிதழ் வரை போக வேண்டிவரும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். ஆதார் இணைப்பு அந்தக் கணக்கில்தானா என்று வங்கியில் கேளுங்கள். பழைய கணக்கு ஒன்றில் ஆதார் ஒட்டிக்கொண்டிருந்தால் பணம் அங்கேதான் விழும்.

தொழிலாளி என்ற அடையாளத்தாலும் படிப்புக்குப் பணம் வரும், பலருக்கு இது தெரியாது. பீடித் தொழிலாளியின் பிள்ளைக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை வகுப்புக்கேற்ப ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தடை அடையாள அட்டையில் இருக்கிறது. இலையும் தூளும் கொடுக்கும் ஏஜென்ட், அம்மாவின் பெயரைக் கணக்கில் ஏற்றாமல் வேறொருவர் பாஸ்புக்கில் சரக்கு போட்டுக்கொண்டிருந்தால் அட்டை கிடைக்காது. பாஸ்புக் அம்மாவின் பெயரிலேயே வேண்டும் என்று கேட்பது பி.எஃப்.புக்கும் உதவும், பிள்ளையின் படிப்புக்கும் உதவும். 2022-இல் சிறுபான்மையினருக்கான மத்திய உதவித்தொகை ஒன்று முதல் எட்டு வரை நிறுத்தப்பட்ட பிறகு, குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளுக்கு இந்த அட்டையின் மதிப்பு கூடிவிட்டது.

ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் (தோல் பதனிடும் ஆலை) வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டையை மாத்திரை வாங்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். இ.எஸ்.ஐ. கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. நீட் மதிப்பெண் வேண்டும், ஆனால் போட்டி அந்தப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடர்ந்து இருக்கிறதா, குடும்ப விவரத்தில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பதினொன்றாவது படிக்கும்போதே பாருங்கள். இடையில் ஒப்பந்தக்காரர் மாறிப் பிடித்தம் விட்டுப்போனால் தகுதியே விழுந்துவிடக்கூடும்.

பொறியியல் கலந்தாய்வில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்குப் படிப்புக் கட்டணச் சலுகை உண்டு. குடும்பத்தில் ஒருவருக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. அண்ணன் ஏதோ ஒரு டிகிரியைத் தொலைதூரக் கல்வியில் முடித்திருந்தால்கூடத் தங்கைக்குச் சான்றிதழ் வராது.

பன்னிரண்டாவது முடித்த பெண்ணைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றும் வீட்டாரோடு பேசும்போது "படிப்பு முக்கியம்" என்று சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கும் அது தெரியும். பஸ் வாசலுக்கு வருகிறது, சம்பளம் மாதம் முதல் வாரம் கைக்கு வருகிறது, கூட வருவது பக்கத்து வீட்டுப் பெண்கள். கல்லூரிக்கு இந்த மூன்றும் இல்லை. அதனால் மூன்றுக்கும் பதில் வைத்துப் பேசுங்கள். ஒரே தெருவிலிருந்து மூன்று நான்கு பெண்களை ஒரே கல்லூரியில் ஒன்றாகச் சேருங்கள். தனியாகப் போகும் பெண்தான் முதல் செமஸ்டரில் நிற்கிறாள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாதம் ஆயிரம் கணக்கில் வரும், இரண்டையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். மூன்று வருடம் தாங்காது என்றால் ஐ.டி.ஐ. சொல்லுங்கள்: ஓராண்டு, ஈராண்டுப் பிரிவுகள் உண்டு, அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வருகிறது, தகுதி இருந்தால் புதுமைப் பெண் ஆயிரமும் சேரும். மே மாதம் ரிசல்ட் வந்த அதே வாரத்தில் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். ஜூன் பாதியில் போனால் அவள் ஏற்கெனவே அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் மெஷினில் உட்கார்ந்திருப்பாள், முதல் மாதச் சம்பளத்தில் வீட்டில் ஒரு கடன் அடைந்திருக்கும்.